சிறுநீர்ப் பாதையும் சி.டி. ஸ்கேனும்: எப்போது தேவை, எதைக் காட்டும்?

இடுப்பின் பின்புறத்தில் திடீரெனத் தோன்றி, விலா வழியே அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும் கடும் வலி தரும் நோயைச் சித்த மருத்துவம் ‘கல்லடைப்பு’ என்று அழைக்கிறது. அப்பெயரில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. கல் இருப்பது ஒன்று. அது வழியை அடைப்பது மற்றொன்று. சிறுநீரகத்திற்குள் அசையாமல் கிடக்கும் கல் பல ஆண்டுகள் எவ்விதத் தொல்லையும் தராமல் இருக்கலாம். அது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க்குழாயில் இறங்கிச் சிக்கும்போதுதான் தாங்கொணா வலி எழுகிறது. ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுடைய அக்குழாயின் உட்புறம் சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அதில் அடைப்பு ஏற்பட்டால் மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கத் தொடங்குகிறது.

இத்தகைய வலியோடு வரும் நோயரிடம், “சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்” என்று மருத்துவர் கூறும்போது குடும்பத்தாரின் மனத்தில் பல கேள்விகள் எழுகின்றன. கொல்லிமலை ஊர்களில் வாழ்வோருக்கு அக்கேள்விகள் இன்னும் கூடுதல். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல வேண்டுமெனில், காரவள்ளிக்கு இறங்கும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வலியோடு கடக்க வேண்டும். நோயருக்கும் உடன் செல்பவருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, எப்போது அது இன்றியமையாதது, எப்போது அதனைத் தள்ளிவைக்கலாம் என்பவற்றை நோயரும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நலம்.

படம் எடுக்கும் முறை வளர்ந்த விதம்

1895ஆம் ஆண்டு நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பைப் போலவே சுண்ணாம்புச் சத்து மிகுந்த கற்களும் எக்ஸ்ரே படத்தில் தெரிந்தன. ஆனால் யூரிக் அமிலக் கற்கள் அதில் தெரிவதில்லை. சிறுநீர்க்குழாயும் தெரிவதில்லை. 1929இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக், ஃபான் லிக்டன்பெர்க் ஆகியோரின் பணியால், இரத்தக் குழாயில் செலுத்தப்பட்டுச் சிறுநீரகம் வழியே வெளியேறும் அயோடின் கலந்த சாயமருந்து பயன்பாட்டுக்கு வந்தது. சாயமருந்து செலுத்திவிட்டு இடைவெளி விட்டு விட்டு எக்ஸ்ரே எடுக்கும் ‘ஐ.வி.பி.’ முறை அதன்பின் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. நம் வீடுகளில் உள்ள மூத்தோர் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவியில் 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டனில் இருந்த ஒரு மருத்துவமனையில் முதல் நோயருக்குப் படம் எடுக்கப்பட்டது. அது தலைக்கு மட்டுமே பயன்பட்ட கருவி. ஆலன் கார்மக் என்பவரோடு சேர்ந்து 1979இல் அவர் நோபல் பரிசு பெற்றார். சி.டி. செய்வதை நம் மலைப் பலாப்பழத்தைக் கொண்டு விளக்கலாம். பழத்தை அறுக்காமலேயே, அறுத்தால் ஒவ்வொரு வளையத்திலும் என்ன தெரியுமோ அதனைக் காட்டுவதே இக்கருவியின் வேலை. எக்ஸ் கதிர்க்குழல் உடலைச் சுற்றி வருகிறது. எத்திசையில் எவ்வளவு கதிர் ஊடுருவியது என்பதை எதிரேயுள்ள உணரிகள் அளக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு கணினி படத்தை அமைக்கிறது.

தொடக்ககாலக் கருவிகளில் ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே எடுக்க வேண்டியிருந்தது. நாம் மூச்சு விடும்போதெல்லாம் சிறுநீரகம் மேலும் கீழும் நகர்வதால், இரு படங்களுக்கு இடையே சிறு கல் ஒன்று தப்பிவிடக்கூடும். 1989இல் அறிமுகமான சுருள்முறை சி.டி. இக்குறையைத் தீர்த்தது. குழல் நிற்காமல் சுற்றும். அதேநேரம் படுக்கையும் நகரும். ஒரே மூச்சில் வயிறு முழுவதும் படமாகும். 1990களின் நடுப்பகுதியில், சாயமருந்து ஏதுமின்றி இம்முறையில் எடுக்கும் படமே சிறுநீர்க்குழாய்க் கல்லைக் கண்டறிய ஐ.வி.பி.யை விடச் சிறந்தது என்பதை அமெரிக்க மருத்துவர்கள் நிறுவினர். அதன்பின் பல உணரி வரிசைகள் கொண்ட கருவிகள் வந்தன. இன்று படம் எடுக்கும் நேரம் சில நொடிகளே.

கல்லைத் தேடும் ஸ்கேன் எளிமையானது

சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை கல்லுக்காக எடுக்கும் சி.டி.யை ‘சி.டி. கே.யு.பி.’ என்று சீட்டில் எழுதுவர். இதற்குப் பொதுவாக ஊசியும் சாயமருந்தும் தேவையில்லை. இது கல்லின் அளவை மில்லிமீட்டரிலும், அது சிக்கியுள்ள இடத்தையும், சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதையும் காட்டும். எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும் யூரிக் அமிலக் கற்களும் இதில் தெரியும். சில மருந்துகளால் உண்டாகும் அரிய வகைக் கற்களே இதற்குத் தப்புகின்றன. வலிக்குக் காரணம் கல் இல்லையெனில், குடல்வால் அழற்சி போன்ற வேறு காரணத்தையும் பல நேரங்களில் இப்படமே சுட்டிவிடும்.

அளவும் இடமும் தெரிந்தால் சிகிச்சையின் பாதை தெளிவாகிறது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களுள் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுகின்றன. சிறுநீர்ப்பைக்கு அருகில் வந்துவிட்ட கல் வெளியேறும் வாய்ப்பு அதிகம்; மேலேயே நிற்கும் பெரிய கல்லுக்கு அவ்வாய்ப்பு குறைவு.

கல் எத்தகையது என்பதையும் இன்றைய சி.டி. ஓரளவு சொல்லிவிடும். அறிக்கையில் ‘ஹெச்.யு.’ என்று காணப்படும் எண், ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அமைந்த அடர்த்தி அளவாகும். அதில் தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500க்குக் கீழே நிற்கும். சுண்ணாம்புக் கற்கள் 1000ஐத் தாண்டுவதும் உண்டு. எண் மிகக் கூடுதலாக இருந்தால், வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சை பலிப்பது கடினம் என்று மருத்துவர் கணிப்பார்.

இரட்டை ஆற்றல் சி.டி. இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களால் ஒரே கல்லை அளக்கும் முறை இது. கல்லில் உள்ள கால்சியம் ஆற்றல் குறைந்த கதிரை மிகுதியாகவும், ஆற்றல் மிக்க கதிரைக் குறைவாகவும் தடுக்கும். யூரிக் அமிலத்தில் கால்சியம் இல்லாததால் அங்கே அவ்வளவு வேறுபாடு தோன்றாது. இவ்வேறுபாட்டைக் கொண்டு இருவகைக் கற்களையும் பிரித்தறியலாம். இதனால் நோயருக்கு விளையும் நன்மை பெரிது. யூரிக் அமிலக் கற்களைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்துகளால் கரைக்க இயலும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். கால்சியக் கற்கள் அவ்வாறு கரைவதில்லை.

எக்ஸ் கதிரின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே எண்ணும் ஃபோட்டான் எண்ணும் சி.டி. இவ்வரிசையில் அண்மையது. அமெரிக்காவில் 2021 செப்டம்பரில் முதன்முதலாக இதற்கு அனுமதி கிடைத்தது. குறைந்த கதிர்வீச்சில் நுண்ணிய படம் தருவது இதன் சிறப்பு. எனினும் சாதாரணக் கல்லடைப்புக்காக இத்தகைய புதுக் கருவியைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே இயங்கும் சி.டி. மையங்களில் எடுக்கும் படமே போதுமானது.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம்

நாம் யாவரும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே கதிர்வீச்சைப் பெறுகிறோம். அது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் அளவாகும். வழக்கமான முறையில் எடுக்கும் ஒரு வயிற்றுச் சி.டி. 10 மில்லிசீவர்ட்டை ஒட்டி அமையும். கல்லுக்கென்றே குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முறையில் இது 3 மில்லிசீவர்ட் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடுகிறது. உடல் பருமன் இல்லாதவர்களிடம், 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீர்க்குழாய்க் கல் இம்முறைக்குத் தப்புவது அரிது. எனவே, “இது கல்லுக்கான குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனா?” என்று கேட்பது நோயரின் உரிமை, மருத்துவர் அதனைத் தவறாக எண்ணமாட்டார்.

தேவையான ஒரு ஸ்கேனால் விளையும் தீங்கு மிகச் சிறியது. ஆயினும் கல் நோய் மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையது. ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு கூடிக்கொண்டே போகும். முதல் சி.டி.யில் கல்லின் இடமும் அளவும் தெரிந்தபின், தொடர் பரிசோதனைக்கு அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரேயோ பல நேரங்களில் போதும். பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா?

பலருக்குப் போதும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் செய்ய வேண்டியது அதுவே. அதில் கதிர்வீச்சு இல்லை. சிறுநீரக வீக்கத்தை அது நன்கு காட்டும். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் உள்ள கல்லைக் காண்பதே அதற்குக் கடினம். அமெரிக்காவின் 15 அவசரப் பிரிவுகளில் கல் வலியோடு வந்த 2,759 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2014இல் வெளியாயின. முதலில் அல்ட்ராசவுண்ட் செய்யப்பட்டோருக்கும் முதலில் சி.டி. எடுக்கப்பட்டோருக்கும் இடையே, ஆபத்தான நோய் கண்டறியப்படாமல் போனதால் விளைந்த சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னர் சி.டி.யும் தேவைப்பட்டது, ஏனையோர் அந்தக் கதிர்வீச்சைத் தவிர்த்தனர். ஆகவே, மருத்துவர் முதலில் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தால், “மலைக்காரர் என்பதால் மலிவான ஸ்கேன் எழுதினார்” என்று எண்ண வேண்டாம். அது முறையான மருத்துவமே.

சாயமருந்து தேவைப்படும் வேளைகள்

வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதை எவரும் அலட்சியம் செய்யலாகாது. ஒருமுறை போய் நின்றுவிட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும். சிறப்பாகப் பீடி, சிகரெட் பழக்கம் உடைய நடுத்தர வயதினரும் முதியோரும் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலே முதன்மைக் காரணம். இங்கே ‘சி.டி. யூரோகிராம்’ என்னும் சாயமருந்து ஸ்கேன் பயன்படுகிறது. முதலில் சாயமின்றி ஒரு படம். சாயம் சிறுநீரகத் தசையில் நிறையும்போது மற்றொன்று. சில நிமிடங்கள் கழித்து அது சிறுநீரோடு கலந்து குழாய் வழியே இறங்கும்போது இன்னொன்று. பாதையின் உட்சுவர் முழுவதும் தெரியும். ஆனால் சிறுநீர்ப்பைக்குள் உள்ள சிறு கட்டிகளைக் காண, உள்நோக்குக் கருவி கொண்டு நேரில் பார்ப்பதே நம்பகமான வழி. “ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே” என்று அப்பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

நம் மலைக்கு நெருக்கமான மற்றொரு வேளையும் உண்டு. மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியவரோ, பலா பறிக்க ஏறியவரோ தவறி விழுந்து விலாவில் அடிபட்டால் சிறுநீரகம் கிழியக்கூடும். அத்தகையவருக்குச் சிறுநீர் சிவந்து போனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வர வேண்டும். சாயமருந்துடன் எடுக்கும் சி.டி., காயத்தை முதல் நிலை தொடங்கி ஐந்தாம் நிலை வரை வகைப்படுத்தும். சிறுநீர் கசிகிறதா என்பதையும் காட்டும். இவ்வாறு துல்லியமாக அறிய முடிவதாலேயே இன்று பெரும்பாலான சிறுநீரகக் காயங்கள் அறுவையின்றி, ஓய்விலும் கண்காணிப்பிலும் ஆறிவிடுகின்றன.

சாயமருந்து செலுத்தும்போது உடல் முழுவதும் வெப்பம் பரவுவது போலவும், சிறுநீர் கழிந்துவிட்டது போலவும் தோன்றும். ஒரு நிமிடத்தில் அது மறையும். முன்பு சாயமருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, ஆஸ்துமா, தைராய்டு நோய், சிறுநீரகக் குறைபாடு இருந்தாலோ, கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீன், இறால் ஒவ்வாமை என்பது அயோடின் ஒவ்வாமை ஆகாது. சாயமருந்துக்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படும் சர்க்கரை நோய் மாத்திரைகளில் மெட்ஃபார்மினும் உண்டு. சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்கள் சாயமருந்துக்குப் பின் 48 மணி நேரம் அதனை நிறுத்த நேரிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம்; மாத்திரை அட்டையை எடுத்து வந்து காட்டுங்கள்.

வலி நின்றால் கல் போய்விட்டதா?

இக்கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்றே எனில், அது இதுவே: வலி நின்றதால் மட்டும் அடைப்பு நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது.

அடைப்பு நீடிக்கும்போது சிறுநீரகம் மெல்ல மெல்லச் சிறுநீர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் தணிகிறது, வலியும் தணிகிறது. கல்லோ அங்கேயே இருக்கிறது. வலி இல்லாததால் நோயர் வயலுக்குத் திரும்பிவிடுகிறார். மாதங்கள் கடந்தபின் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் செயலிழந்து கிடப்பது தற்செயலாகத் தெரியவருகிறது. உரிய காலத்தில் ஒரு படம் எடுத்திருந்தால் அதனைக் காத்திருக்கலாம்.

வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவை கல்லடைப்புக்கு நம் மரபில் வழங்கிவருபவை. அவற்றை உட்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் எந்த மருந்தை உட்கொண்டாலும், அடைப்பு நீங்கியதா என்பதை மறுபரிசோதனை ஒன்றே உறுதி செய்யும். சிறு கல் தானாக வெளியேறட்டும் எனக் காத்திருக்கச் சொன்னால், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களே அதற்கு எல்லை. கல் வெளியேறுவதைக் கண்ணால் கண்டால் அதனை எடுத்து வாருங்கள், பரிசோதனைக்கு உதவும். காணாவிட்டால், வலி இல்லையென்றாலும் குறித்த நாளில் வந்து காட்டுங்கள்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

• விலா வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் இருத்தல்
• சிறுநீர் முற்றிலும் நின்றுபோதல்
• ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவருக்கு விலா வலி வருதல்
• கர்ப்பிணிக்கு விலா வலி வருதல்
• தண்ணீர்கூடத் தங்காத அளவுக்கு வாந்தி

இவற்றுள் எது தோன்றினாலும், இரவு என்று பாராமல் 108ஐ அழையுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்தால் அது இரத்தத்தில் பரவிச் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அப்போது முதல் வேலை, ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்தோ, முதுகு வழியே குழாய் செலுத்தியோ தேங்கிய சிறுநீரை வடிப்பதே. கல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அறிக்கையைக் கையில் வாங்கும்போது

அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ‘கால்குலஸ்’ என்றால் கல். ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்றால் சிறுநீர் தேங்கியதால் சிறுநீரகம் வீங்கியிருத்தல். அதனோடு ‘மைல்டு’, ‘மாடரேட்’, ‘சிவியர்’ என அளவும் குறிக்கப்படும். ‘யு.வி.ஜே.’ அல்லது ‘வி.யு.ஜே.’ என்பது சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையோடு சேருமிடம். ‘சிம்பிள் சிஸ்ட்’ என்பது நீர் நிறைந்த சாதாரணக் கொப்புளம். வயது ஏற ஏறப் பலருக்கும் தோன்றுவது. பெரும்பாலும் சிகிச்சை தேவையற்றது. ஒரு சொல்லைப் படித்து நீங்களாக அஞ்சவோ அமைதி கொள்ளவோ வேண்டாம். மருத்துவர் விளக்கும்போது குடும்பத்தில் ஒருவர் உடன் இருந்து குறித்துக்கொள்வது நன்று.

மலையிலிருந்து புறப்படும் முன்

பழைய ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், உட்கொள்ளும் மாத்திரைகள், ஆதார் அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். உங்களுக்கு எழுதப்பட்டுள்ள ஸ்கேன் அத்திட்டத்தில் அடங்குமா என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டுமா என்பதை இங்கேயே கேட்டறிந்து செல்லுங்கள். கல்லுக்கான சாதாரணச் சி.டி.க்குப் பட்டினி பெரும்பாலும் தேவைப்படாது. வலிக்கு ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு பயணம் செய்வதால் ஸ்கேனில் எதுவும் மறையாது. ஆனால் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கி உட்கொள்ள வேண்டாம். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அவற்றுள் சில தீங்கு செய்யும்.

புறப்படும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஸ்கேன் எதனைக் கண்டறிவதற்காக? இன்றே எடுக்க வேண்டுமா, சில நாள் பொறுக்கலாமா? முடிவு வந்தபின் யாரிடம், எந்த நாளில் காட்ட வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்து செல்பவருக்கு, மலையிறங்கும் அந்த ஒரு நாள் வீணாகாது.